இருமுடிக்குக் கீழே ஒரு நெற்றி லைட்

மலைக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். முழுசாக!

கால் இரண்டு, கை இரண்டு, மூக்குக் கண்ணாடி ஒன்று... எல்லாம் போனபடியே திரும்பியிருக்கிறது. அரவணைப் பாயசம் வாங்க வந்த எங்கள் வலியசாலைத் தெரு அக்கம்பக்கத்தார் எல்லாரும், "தரிசனம் நல்லா கெடச்சுதா?" என்றுதான் கேட்டார்கள். என் மனைவி செண்பகம் மட்டும் என்னை வாசல்படியிலேயே நிறுத்தி, என் இடது மணிக்கட்டை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்தாள். அதன்பிறகுதான் உள்ளே விட்டாள்.

மணிக்கட்டில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கின்றன. அவை அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் வீடு ஒட்டு வீடு. இந்தப் பக்கச் சுவரும் அந்தப் பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் சொந்தம். வெளிச்சம் வாசல் வழியாகக் கொஞ்சம் வரும், கொல்லை வழியாகக் கொஞ்சம் வரும். நடுவில் உள்ள இரண்டு அறைகளில் பட்டப்பகலிலும் லைட் போட வேண்டும். ஓட்டுக்குக் கீழே சாமான் போட்டு வைக்கிற மச்சில் லைட்டே கிடையாது. போன வருஷம் அந்த மச்சுக்குள் போகிற தண்ணீர்க் குழாய் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பர் மலையாளத்தில் "நாளை வராம்" என்றார். எந்த நாளை என்று அவர் சொல்லவில்லை.

சரி, நாமே பார்த்துவிடுவோமே! யூடியூபில் ஒருவர் நான்கே நிமிஷத்தில் செய்கிறாரே!

ஏணியைச் சாத்தினேன். ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் டேப். டார்ச்சுக்குக் கை இல்லை. செல்போன் டார்ச்சைப் போட்டு, போனை வாயில் கவ்விக்கொண்டேன். செல்போனை வாயில் கவ்விக்கொண்டு ஏணி ஏறுகிறவர்கள் எல்லாரும் கை தூக்குங்கள் பார்ப்போம்... வேண்டாம், ஏணியில் இருக்கிறவர்கள் தூக்க வேண்டாம்.

கீழே நின்ற செண்பகம் கேட்டாள்: "தெரியுதா?"

முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவன் நான். மனைவி கேட்டால் பதில் சொல்லிப் பழகிவிட்டது. "தெரியுது" என்று வாயைத் திறந்தேன். போன் விழுந்தது. போனைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டினேன். அதற்குப் பிறகு நான் விழுந்தேன். போன் பழைய போர்வைக் குவியலில் விழுந்து, ஒரு கீறல் இல்லாமல் டார்ச் எரியக் கிடந்தது. நான் இடது கையை ஊன்றித் தரையில் விழுந்தேன்.

ஆபரேஷன் முடிந்தது. மூன்று மாதம் விரல் மடங்கவில்லை. வேட்டி கட்ட ஆள் வேண்டும், சட்டை பட்டன் போட ஆள் வேண்டும். பத்திரிகையில் வருகிற இந்தப் பத்தியை அப்போது ஒற்றைக் கையால்தான் தட்டினேன். "என்ன சார், கொஞ்ச நாளாக ரொம்பச் சுருக்கமாக எழுதுகிறீர்கள், நன்றாக இருக்கிறது" என்று ஒரு வாசகர் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒருநாள் பிசியோதெரபி முடிந்து ஆட்டோவில் வரும்போது வேண்டிக்கொண்டேன். இந்தக் கை பழையபடி மடங்கினால் சபரிமலைக்குப் பெருவழியிலேயே நடந்து வருகிறேன் என்று. பெருவழி என்றால் எருமேலியில் தொடங்கி, காட்டுக்குள் அழுதை தாண்டி, கரிமலை ஏறி இறங்கிப் பம்பைக்குப் போகிற பாதை. பம்பையிலிருந்து நேரே ஏறுகிற சின்னப் பாதையில் ஏற்கெனவே ஏழு முறை போயிருக்கிறேன். ஆனால் வலி இருக்கும்போது வேண்டுகிறவன் சின்னதாக வேண்டுவதில்லையே!

கை மடங்கியது. வேண்டுதல் பாக்கி நின்றது.

செண்பகம் அரசாங்க ஆபீஸில் சூப்பரண்ட். வீட்டிலும் எதையும் நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டாள். நிபந்தனை போடுவாள்.

"நேர்ச்சை நேந்தாச்சு, இனி போவாம இருக்க முடியாது. போங்க. ஆனா ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும். ஒரு கை இருமுடியப் பிடிக்க, ஒரு கை கம்பூன. டார்ச்ச கையில பிடிச்சியன்னா, அன்னையோட உங்க மலை முடிஞ்சுது. கேட்டியளா?"

டாக்டரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். அந்த மணிக்கட்டை இன்னொரு தடவை ஊன்றி விழுந்தால் ஸ்க்ரூ பிடிக்க எலும்பு மிஞ்சாது என்றார். விழக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், வெளிச்சமும் வேண்டும். அப்படியானால் நெற்றியில் கட்டுகிற லைட்! வீட்டு வேலைக்கும் ஆச்சு, மலைக்கும் ஆச்சு. வாயில் கவ்வுகிற வேலை இனி இல்லை. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன் — வலது கையால்.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தினா சாரே? ரப்பர் வெட்டானா?"

இந்த ஊரில் நெற்றி லைட் என்றால் முதலில் ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். விடியும் முன்னே தோட்டத்தில் இறங்கிப் பால் வடிக்கிறவர்கள். என் தொந்தியைப் பார்த்தும் அவர் அப்படிக் கேட்டது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வீட்டு வேலைக்கு, பின்னே மலைக்குப் போக."

"எங்கில் இது எடுத்தோ சாரே. ராத்திரிய பகலாக்கும்!"

அட்டையில் பெரிய எண் ஒன்று போட்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் லூமன். லூமன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நிறைய இருந்தால் நல்லதுதானே? வாங்கிவிட்டேன். சம்பளம், மார்க், லூமன்... பெரிய எண்ணைப் பார்த்தால் நமக்கு வேறு கேள்வி கேட்கத் தோன்றாது.

வீட்டில் போய்க் கட்டிக்கொண்டதும்தான் கேள்விகள் வந்தன. முன்னால் லைட், பின்னால் சோப்புப் பெட்டி அளவில் பேட்டரி. பத்து நிமிஷத்தில் கழுத்து, 'இதற்கா என்னைப் படைத்தாய்?' என்றது. சமையலறை சிங்க்குக்குக் கீழே குனிந்து வாஷர் மாற்றப் போனேன். வெள்ளை டைல்ஸில் பட்ட வெளிச்சம் அப்படியே திரும்பி வந்து கண்ணில் அறைந்தது. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சூரியன், சுற்றிலும் அமாவாசை. வாஷர் அந்த அமாவாசையில் எங்கோ இருந்தது.

செண்பகம் ஏதோ கேட்க, திரும்பிப் பார்த்தேன்.

"அய்யோ, மூஞ்சில அடிக்காதிய!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நெற்றியில் லைட் கட்டினவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசக்கூடாது என்பது முதல் பாடம்.

மறுநாளே கடைக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் நல்ல மனிதர். "சாரினு எந்தா சரிக்கும் வேண்டது?" என்று, உண்மையில் எனக்கு என்ன வேண்டும் என்பதை முதல் தடவையாகக் கேட்டார். நானும் முதல் தடவையாக யோசித்துப் பதில் சொன்னேன். கனம் கூடாது. பக்கத்தில் பார்க்கப் பரந்த வெளிச்சம் வேண்டும், தூரத்துக்கு நீண்ட வெளிச்சம் வேண்டும். குறைத்து வைக்கவும் முடிய வேண்டும். லைட்டை மேலும் கீழும் சாய்க்க வேண்டும். மழை பட்டால் சாகக்கூடாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாலும் பட்டன் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

அவர் எடுத்துத் தந்தது ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். அட்டையில் இருந்த எண் பழையதில் கால்வாசிகூட இல்லை. பட்டையிலிருந்து லைட்டைத் தனியாகக் கழற்றிக் காட்டி, "இது ஊரியும் எடுக்காம், பின்னில் கிளிப்பும் உண்டு" என்றார். நெற்றி லைட்டை எதற்கு நெற்றியிலிருந்து கழற்ற வேண்டும்? நான் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கார்த்திகை பிறந்தது. மாலை போட்டேன். மாலை போட்டவரை எல்லாரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். மனைவியும்தான். ஆகவே அந்த நாற்பத்தொரு நாளும் நான் மிகுந்த மரியாதையோடு திட்டு வாங்கினேன். "சாமி, அங்க என்னத்தப் போட்டு நோண்டுதிய?" "சாமிக்கு அறிவுண்டா?" இப்படி.

விரத நாட்களில் வீட்டில் ஒரு வேலையையும் விட்டுவைக்கவில்லை. லைட்டைப் பழக வேண்டுமே! சிங்க்குக்குக் கீழே வாஷர் மாற்றினேன், நடந்தது. மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸ் கம்பி போட்டேன், நடந்தது. மோட்டார் அறையில் எலி கடித்த வயரைக் கண்டுபிடித்தேன். கழுத்து வலிக்கவில்லை. பட்டன் மட்டும் கொஞ்சம் குறும்பு செய்தது. ஒரு அழுத்து அழுத்தினால் பெரிய வெளிச்சம், அடுத்து சின்னது, அடுத்து சிவப்பு, அடுத்து மின்னி மின்னி எரிகிற வெளிச்சம். அதையெல்லாம் தாண்டித்தான் அணைக்க முடியும். ஒருநாள் சாயங்காலம் மச்சில் இருந்தபோது அது சிவப்பில் நின்றுவிட்டது. விளக்கேற்ற வந்த செண்பகம் இருட்டுக்குள் ஒற்றைச் சிவப்புக் கண்ணைப் பார்த்து அலறிய அலறலில், பக்கத்து வீட்டு வெங்கிட்டு மாமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னாச்சு, மாமிக்குப் பிரஷரா?" என்று குரல் கொடுத்தார்.

ஆனால் அந்தக் குழாய் பாக்கி இருந்தது. ஒரு வருஷமாகக் கந்தல் துணி சுற்றி வைத்திருந்த அதே குழாய். மறுபடியும் ஏணியைச் சாத்தினேன். இந்த முறை செண்பகம் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை முடிந்து இறங்கியதும், "என்ன, இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல்ல?" என்றேன்.

"அன்னைக்கு நான் கேட்டதாலதானே விழுந்திய?" என்றாள். அவ்வளவுதான். ஏணியை மடக்கிக் கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வருஷமாக அவள் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இங்கே உங்களிடம் அந்தச் சம்பவத்தை ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இனி விழக்கூடாது என்று நான் தீர்மானித்தது டாக்டர் சொன்னதற்காக அல்ல, அன்று அவள் அப்படிச் சொன்னதற்காகத்தான்.

எங்கள் குழுவில் பதினொரு பேர். எங்களை அழைத்துப் போகும் குருசாமியின் பெயர் சுரேஷ். என்னைவிட இருபது வயது சின்னவர். குலசேகரம் பக்கத்துக்காரர். இங்கே டைல்ஸ் வேலை செய்கிறார், எங்கள் குளியலறைத் தரை அவர் போட்டதுதான். இருபத்தோராவது தடவையாக மலைக்குப் போகிறார். தெருக்கோயிலில் வைத்து நெய்த்தேங்காய் நிறைத்து, இருமுடி கட்டி, சரணம் சொல்லி என் தலையில் ஏற்றியவர் அவர்தான். செண்பகம் தூரத்தில் நின்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். லைட் எடுத்தாச்சா என்று அர்த்தம். நான் தோள்பையைத் தட்டிக் காட்டினேன். பையில் பத்திரமாக இருந்தது, நூறு சதவீதம் சார்ஜோடு.

கெட்டிக்கார வாசகர்களே, இந்த இடத்தில் உங்களுக்கு ஏதாவது இடிக்கிறதா? எனக்கு இடிக்கவில்லை. அரசாங்க ஃபைலில் கமா தேடுகிற செண்பகத்துக்கும் இடிக்கவில்லை.

எருமேலியிலிருந்து முதல் நாள் நடை நன்றாகவே போனது. இரண்டாம் நாள் கரிமலை ஏற்றம். மூச்சு வாங்கியது, ஆனால் ஏறிவிட்டேன். உச்சியில் உட்கார்ந்திருக்கும்போது மழை பிடித்தது. ஒன்றரை மணி நேரம் விடவில்லை. விட்டபோது மணி நாலரை. எனக்கு ஏற்றம் பிரச்சினை இல்லை. இறக்கம்தான். வேர், பாறை, வழுக்கு மண். ஐந்தரை மணிக்கே காடு கறுத்துவிட்டது, கூடவே பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. முன்னால் போன ஒன்பது சாமிகளும் இளம் கால்கள். கைக்கு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார்கள். எனக்காகப் பின்தங்கியது சுரேஷ் சாமி மட்டும்தான்.

"லைட்ட எடுங்க சாமி" என்றார்.

கம்பை மரத்தில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து லைட்டை எடுத்தேன். பட்டையை விரித்தேன். தலைக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான்...

தலையில் இருமுடி இருக்கிறது!

என் தலை காலியாக இல்லை! நாற்பத்தொரு நாள் சிங்க்குக்குக் கீழேயும் மச்சுக்குள்ளேயும் மோட்டார் அறையிலும் சோதித்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் வெறுந்தலையோடு. ஏழு தடவை மலைக்குப் போனவனுக்கு, மலைக்குப் போகும்போது தலையில் என்ன இருக்கும் என்பது தெரியாதா? தெரியும். ஆனால் லைட் ஒரு பக்கம், இருமுடி ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து ஒரே தலையில் வைத்து நான் யோசிக்கவே இல்லை.

இருமுடியை நாமாக இறக்கக்கூடாது. சுரேஷ் சாமி துண்டை விரித்து, சரணம் சொல்லி, என் தலையிலிருந்து இறக்கி வைத்தார். நான் லைட்டைக் கட்டிக்கொண்டேன். அவர் மறுபடி சரணம் சொல்லி ஏற்றினார். இருமுடியின் முன்கட்டு நெற்றியில் வந்து இறங்கியது. லைட் அதற்குக் கீழே நசுங்கி, புருவத்துக்குச் சறுக்கி, மூக்குக் கண்ணாடியின் மேல் வந்து உட்கார்ந்தது. வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே அடித்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை... ஒரே வெள்ளை.

"கொஞ்சம் தலைய நிமித்திப் பாருங்க சாமி."

நிமிர்த்தினேன். இப்போது மரத்தின் உச்சி தெரிந்தது. வழி தெரியவில்லை.

சுரேஷ் சாமி தன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துக் காட்டினார். என் நிழலே என் முன்னால் பெரிதாக விழுந்து வழியை மறைத்தது. அவர் முன்னால் போய் அடித்தால் அவர் காலுக்குத் தெரிகிறது, என் காலுக்குத் தெரியவில்லை. இப்படியே பத்தடி இறங்கியிருப்போம். ஒரு வேரில் கால் வைத்தேன். வேர் இருந்தது, கால் இல்லை. கம்பு கையை விட்டுப் போய் எங்கோ கீழே உருண்டது. இடது கை தானாகவே தரையைத் தேடி நீண்டது.

அந்த ஒரு நொடி... ஊன்றாதே, ஊன்றாதே என்று மனது கத்தியது. என் வலது கை எப்படி அந்தச் செடியைப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. சுரேஷ் சாமி இருமுடியையும் என் தோளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போனவர்களின் சரண கோஷம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது. தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் பயந்துவிட்டேன். பூசி மெழுகிச் சொல்ல மாட்டேன், நன்றாகவே பயந்துவிட்டேன். அய்யப்பன் ஞாபகம்கூட வரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் நின்ற செண்பகம்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

"வெப்ராளப்படாதீங்க சாமி, பதறாண்டாம். இப்பிடியே இருங்க" என்றார் சுரேஷ் சாமி. இருமுடிக்குக் கீழே விரலை விட்டு, ஒரு இழுப்பு. பட்டை தலையிலேயே இருந்தது, லைட் மட்டும் அவர் கையில் வந்துவிட்டது. பின்பக்கம் தடவிப் பார்த்தார். "கிளிப்பு இருக்கே!" என்றார். என் இடுப்பில் தோர்த்துத் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கிக் கட்டி, தொப்புளுக்கு நேராக லைட்டை அதில் மாட்டினார். லைட்டின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். வெளிச்சத்தைச் சின்னதாகக் குறைத்தார்.

"குறைக்காண்டாம் சாமி, ஏற்கெனவே ஒண்ணும் தெரியல்ல" என்றேன்.

"கூட்டினா மஞ்சுல பட்டுக் கண்ணுலதான் வந்தடிக்கும். இப்பம் எந்திச்சுப் பாருங்க."

எழுந்து பார்த்தேன்.

வழி இருந்தது! ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் அதன் நிழல் நீளமாக விழுந்திருந்தது. எது மேடு, எது பள்ளம், எந்த வேர் தரையோடு ஒட்டியிருக்கிறது, எது தூக்கிக்கொண்டிருக்கிறது... எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. வீட்டில் நெற்றியிலிருந்து அடித்தபோது தரை எல்லாம் ஒரே தட்டையாகத்தான் தெரியும், அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"இது எப்பிடிச் சாமி உங்களுக்குத் தெரியும்?"

"பத்து வருசம் ரப்பர் வெட்டுனேன்லா? மரத்தப் பாக்கணும்னா லைட்டு நெத்தியில இருக்கணும், கத்தி போற இடத்துல கண்ணும் போவும், வெளிச்சமும் போவும். தோட்டத்துக்கு நடந்து போறப்போ இடுப்புல கெட்டிக்கிடுவோம். பாம்பு கெடந்தா நெழலு காட்டிக் குடுத்துரும்." கம்பைத் தேடி எடுத்து வந்து என் கையில் தந்தார். "பைய எறங்குங்க. சாடிக் குதிக்காண்டாம். நமக்கு ஒரு அவசரமும் இல்ல."

ஒரு கையில் இருமுடி. ஒரு கையில் கம்பு. இடுப்பில் வெளிச்சம். செண்பகத்தின் நிபந்தனை எழுத்து மாறாமல் நிறைவேறியது. ஒவ்வொரு அடியாக, கல்லைப் பார்த்து, நிழலைப் பார்த்து இறங்கினேன். ஒரு மணி நேரமோ, கூடவோ. கடைசியில் மரங்களுக்கு நடுவே இராத் தங்குகிற தாவளத்தின் லைட்டுகள் தெரிந்தன. முன்னால் வந்துவிட்ட சாமிகள் எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சரணம் விளித்தார்கள். நானும் விளிக்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வெட்கமே இல்லாமல் நின்று அழுதேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பாதிப் பேர் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

மறுநாள் பம்பையில் சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாகச் செண்பகத்துக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எறங்கியாச்சு" என்றேன்.

"விழுந்தியளா?" என்றாள்.

"இல்ல. ஒருக்கா உட்காந்தேன்."

"கைய ஊனி?"

"கைய ஊனல்ல."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "லைட்டு எரிஞ்சுதுல்லா? நெத்தியில நல்லா நின்னுதா?"

"செண்பகம், நெத்தியில எப்பிடி நிக்கும்? தலையில இருமுடில்லா இருக்கு!"

"இருமுடியா..." என்று இழுத்தாள். அவள் யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, பொத்த முடியாமல் சத்தமாகச் சிரித்து, ஆபீஸில் யாரோ என்ன மேடம் என்று கேட்க, அவர்களுக்கும் மலையாளத்தில் ஒருமுறை சொல்லிச் சிரித்து... கடைசியில் மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு பேருமே இத யோசிக்கல்லியே" என்றாள். 'உங்களால்' என்றும் சொல்லவில்லை, 'என்னால்' என்றும் சொல்லவில்லை. 'ரெண்டு பேரும்' என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தப்பு இருவருக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது. சன்னிதிக்கு ஏறும் முன்னாலேயே எனக்கு அருள் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

இந்த வாரம் ஊரெல்லாம் என்னிடம் ஒரே கேள்வி. என்ன லைட் வாங்கலாம், எத்தனை லூமன் வேண்டும், சார்ஜ் போடுவதா, பேட்டரி மாற்றுவதா? வெங்கிட்டு மாமா பேப்பர் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு அகஸ்தியர் மலைக்குப் போக வேண்டுமாம். கனம் குறைவாகப் பாருங்கள், பரந்த வெளிச்சம் பாருங்கள், கழற்றி மாட்டுகிற கிளிப் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். நீங்களும் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. நாம் எதை வாங்கினாலும் அதைத் தனியாக வைத்துத்தான் சோதிக்கிறோம். செருப்பைக் கடையின் கம்பளத்தில் நடந்து பார்க்கிறோம். சோபாவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பார்க்கிறோம். வீட்டில் யார் அப்படி உட்காருகிறார்கள்? பொருளில் குற்றமில்லை. நம்முடைய மற்ற பாரங்களை எல்லாம் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறோம், அதுதான்.

ஆகவே நெற்றி லைட் வாங்கப் போகிறவர்களே... போகிற இடத்தில் உங்கள் தலையில் எது இருக்குமோ, ஹெல்மெட்டோ, தொப்பியோ, விறகுக் கட்டோ, இருமுடியோ, அதைத் தலையில் வைத்துக்கொண்டே கடைக்குள் நுழையுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார்.

பார்க்கட்டுமே... விழப்போவது அவரா?